பேணிக்கு மேலே எழுதியிருந்தது

அன்புள்ள தம்பி,

எழுத்து கோணலாக இருப்பதை முதலில் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் சென் தெனிக்குக் கிட்ட ரயில் சடுதியாக நிற்கும்போது ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்களே, அப்படி என் எழுத்துகளும் வரி முடிகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிடுகின்றன. ‘ழ’ இன்னும் எனக்குப் படியவில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகிறது. நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போனதெல்லாம் இந்தக் கடிதத்தை வாசிக்கத்தான் என்று வைத்துக்கொள். நான் மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாக வாசி. இதுவரை உனக்காக நான் எழுதியதெல்லாம் கையொப்பம் ஒன்றுதான். அதுவும் பள்ளிக்கூடத் தாளில் நீ விரல் வைத்துக் காட்டிய இடத்தில். இப்போது நீ இல்லாமலே எந்த இடத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரிகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில்தான் சொன்னேன். “ஓம் அப்பா, ஓம் அப்பா” என்றாய். பிறகு பக்கத்தில் இருந்தவருக்குப் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாய். பிறகு, “நீங்கள்தானே அப்பா நல்லது எண்டு சொன்னீங்கள்? இப்ப ஏன் மாத்திச் சொல்லுறீங்கள்?” என்று கேட்டாய். அது சரியான கேள்வி. போனை வைத்த பிறகுதான் பதில் வந்தது. அதை எழுதி அனுப்புகிறேன். வேட்டை தொடங்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இது உன் கையில் கிடைக்க வேண்டும். நீ அவசரக்காரன், கடைசி வரைக்கும் வாசிக்காமலும் விடுவாய். அதனால் விடயத்தை இங்கேயே சொல்கிறேன். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலில் இருந்த வெடிமருந்தை அடைத்து நீயும் உன் மாமனாரின் அண்ணன் லூசியனும் செய்த தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதே. போத்தல் நல்லது என்று நான் சொன்னது பிழை.

எப்படிப் பிழையானது என்று சொல்கிறேன். உன் மாமனார் மிஷேல் காலமாகி, நீயும் எலோடியும் அவளுடைய தாயோடு இருக்க அந்த வீட்டுக்கே போவது என்று முடிவெடுத்தபோது நான் சரி என்றேன். லா ஷப்பலில் தமிழ்க் கடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஓர்லேயோனுக்கு அப்பால் காட்டு ஓரத்தில் என்ன செய்வான் என்று அம்மாதான் கவலைப்பட்டாள். பிறகு நீ வேட்டை அனுமதிக்குப் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணினாய். அதற்குப் பிறகு எடுத்த போனில், மாமனாருடைய கொட்டிலில் மருந்தும் தோட்டாச் சாமானும் நிறையக் கிடக்கிறது, எது பழசு, எதைப் பாவிக்கலாம் என்று வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாய். மன்னாரில் என் தகப்பனாரிடம் இடியன் துவக்கு இருந்தது, குழல் வாயால் மருந்தை இடித்து இறுக்குகிற வேலை என்னுடையது என்று நான் எப்போதோ சொன்னதை நீ மறக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே நான் கண்டது கரிமருந்து மட்டும்தான். அது நனையாமல் இருந்தால் கிழடானாலும் வெடிக்கும், நனைந்தால் வெறும் கரி. இங்கே உள்ள புகையில்லா மருந்து வேறு சாதி. அதை உனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். பெருமை வந்தால் வாய் அந்தப் பக்கம் திரும்பாது.

நாங்கள் வந்து இறங்கிய அன்று நிலையத்தில் நீ மாமனாருடைய பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாய். தோள் உனக்குப் பெரிதாக இருந்தது. கொட்டிலுக்குள் போனோம். தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. மேசையில் முடுக்கியிருந்த அந்தக் கைப்பிடி இயந்திரத்தை நீ எனக்கு இயக்கிக் காட்டினாய். சுட்ட தோட்டாக் கூட்டின் அடியில் பழைய வெடிப்பொட்டைத் தட்டி எடுத்துப் புதுசு வைப்பது, மருந்தை அளந்து போடுவது, அதன் மேல் அடைப்பு, அதன் மேல் ஈயச் சன்னம், கடைசியில் வாயை மடித்து மூடுவது. ஒரு நல்ல சமையல்காரனுடைய இடம் மாதிரி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. சுவர்த் தட்டு முழுக்கத் தகரப் பேணிகள், போத்தல்கள், மட்டைப் பெட்டிகள். வாசலில் லூசியன் நின்றார், எலோடியின் பெரியப்பா. கையை ஜேபிக்குள் விட்டுக்கொண்டு அவர் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய்.

“கடைத் தோட்டாவோட வாறவன் விருந்தாளியாம் அப்பா. தான் அடைச்ச தோட்டாவோட வாறவன்தான் வீட்டுக்காரனாம்.”

சொல்லும்போது நீ சிரித்தாய், ஆனால் உன் காது சிவந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். முதல் நாள் வேட்டையில் அந்த ஆட்களுக்கு நடுவில் மிஷேலுடைய துவக்கோடும் மிஷேலுடைய மருந்தோடும் நிற்க வேண்டும் என்று உனக்கு ஆசை. அது விளங்காத தகப்பன் இல்லை நான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் எனக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ரீச்சர் எங்களுக்குத் தமிழ் எழுத்தை முடித்து இப்போதுதான் பிரெஞ்சு எழுத்துக்கு வந்திருக்கிறா. வகுப்பில் நான் வாசித்ததெல்லாம் பூனை, மேசை, ஜன்னல். இங்கே ஒரு தட்டு முழுக்க எழுத்து! ஒரு பேணியில் விலை பழைய பிராங்கில் இருந்தது. அவ்வளவு பெரிய இலக்கம் என்றால் அது காசு மாறுவதற்கு முந்திய காலம் என்று கண்டுபிடித்தேன். இன்னொன்றில் கடைக்காரருடைய போன் நம்பர் வெறும் இரண்டு இலக்கம். அந்த ஊரில் எத்தனை போன் இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஒன்றில் விலாசம் இருந்தது, தபால் இலக்கம் இல்லை. ஒன்றில் கடை மெஷின் வாசிக்கிற கறுப்புக் கோடுகள் இல்லை, அடுத்ததில் இருந்தன. தோட்டாக்களில் மட்டைக் குழல் உள்ளவை முந்தியவை, பிளாஸ்டிக் பிந்தியவை. மட்டைக் குழல்கள் ஈரம் குடித்து வீங்கி, பித்தளை அடியில் பச்சை பூத்து இருந்தன. அவற்றை எழுத்துத் தெரியாதவனும் ஒதுக்குவான். மற்றதையெல்லாம் நான் வயதுப்படி வரிசையாக வைத்தேன். இடது பக்கம் கிழடுகள், வலது பக்கம் இளசுகள். நீ படம் எடுத்து எலோடிக்கு அனுப்பினாய். “அப்பா டிடெக்டிவ் மாதிரி” என்று அவளிடமிருந்து பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை எழுத என் கைக்கு இன்னும் பழக்கம் காணாது.

இடது கோடியில் நான் வைத்தது கௌதாரிப் படம் போட்ட பேணி. பழைய பிராங்கு விலை, அரசு முத்திரை, எல்லாவற்றுக்கும் மூத்தது. “இதை ஒருத்தரும் தொடப்படாது” என்று சொன்னேன். வலது கோடியில் அந்த வெள்ளைப் போத்தல். விலை யூரோவில், கறுப்புக் கோடு, கடைக்காரருடைய பத்து இலக்க நம்பர். “இது புதுசு. இது நல்லது” என்றேன். லூசியன் தலையை ஆட்டி, கிழட்டுப் பேணிகளைக் காட்டி ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“மருந்துக்கு வயசில்லையாம் அப்பா. இவற்ற தேப்பனார் சண்டைக் காலத்து மருந்தைக் கடைசி மட்டும் சுட்டவராம். உன்ர கொப்பர் கள்ளுத் தவறணைக்காரன் மாதிரி பழசைக் கண்டு பயப்பிடுறார் எண்டு சிரிக்கிறார்.”

“தவறணை எண்டோ சொன்னவர்?”

“இல்லை, அது நான் போட்டது.”

எல்லோரும் சிரித்தோம். லூசியன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்று எனக்குப் பிறகு தெரிய வந்தது. குளிர்ந்த நிலவறையில், வந்த பேணியிலேயே இறுக மூடி வைத்திருந்தால் கிழட்டு மருந்தும் நன்றாக இருக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே கோடையில் வெந்து மாரியில் விறைத்துக் கிடந்தால் இள மருந்தும் கெட்டுப்போகும். பிறந்த வருடம் பாதிக் கதைதான், வளர்ந்த வீடு மீதிக் கதை. ஆனால் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும், அவர் தகப்பனுடைய கதையை நம்பியும் நான் எழுத்தை நம்பியும், ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மேலே எழுதியிருந்ததே!

நாங்கள் மார்க்ஸ் டோர்மோய் வீட்டுக்குத் திரும்பி வந்த அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலமை, நான் கடைக்குப் போய் வந்தேன். அம்மா சமையலறையில் நின்றாள். காஸ் அடுப்பு எரிகிறது, தாச்சியில் செத்தல் மிளகாய் வறுபடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் கௌதாரிப் படம் போட்ட பேணி! அம்மா அதன் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருக்கிறாள். நான் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அடுப்பை அணைத்தேன்.

“உனக்கென்ன விசரோ? அதுக்குள்ளை வெடிமருந்தடி!”

“ஆர் சொன்னது?”

“அதிலை எழுதிக் கிடக்கு!”

அம்மா மூடியைத் திறந்து, ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். காய்ந்த பூ. சம்பந்தியம்மா இரவில் வெந்நீரில் போட்டுக் குடிக்கிற அந்தத் தியோல் பூ. நாங்கள் கொட்டிலை விட்டு வந்த பிறகு, பேணி வடிவாக இருக்கிறது என்று அம்மா கையால் காட்டியிருக்கிறாள், சம்பந்தியம்மா திறந்து உள்ளே இருப்பதையும் காட்டி, பூவோடேயே கொடுத்துவிட்டா. நான் தடுப்பேன் என்று தெரிந்து அம்மா அதைப் பைக்குள் பூசணிக்காய்க்குக் கீழே ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“எழுத்துப் படிச்ச கையோட மூக்கு அடைச்சுப் போச்சோ உங்களுக்கு? ரெஸ்ரோறன்ரிலை இருக்கேக்க பால் பெட்டியைக்கூட மணக்காமல் தொடமாட்டீங்கள்.”

உண்மைதான். உணவகத்தில் இருந்த காலம் முழுக்க எனக்கு எழுத்துத் தெரியாது. பெரிய குளிர்ப்பெட்டியில் ஒரே மாதிரியான டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி ஒட்டியிருக்கும். மற்ற ஆட்கள் அதைப் பார்ப்பார்கள். நான் திறந்து மணந்து பார்ப்பேன். செஃப் என்னை நாய்க்குட்டி என்று பகிடி பண்ணுவார், ஆனால் மீன் குழம்பில் சந்தேகம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். எழுத்து வந்ததும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போனது எனக்கே தெரியவில்லை. புதுக் கண் கிடைத்தவன் பழைய மூக்கைக் கழற்றி வைத்துவிட்டான்.

அம்மா சிரித்துக்கொண்டே சாமான் தட்டைக் காட்டினாள். நீ வளர்ந்த வீடு, உனக்குத் தெரியாததில்லை. பிஸ்கட் பேணிக்குள் ஊசியும் நூலும். மாப்பேணிக்குள் மிளகாய்த்தூள். கோப்பிப் போத்தலுக்குள் வெந்தயம். சின்ன வயதில் நீ ஐஸ்கிரீம் பெட்டி என்று குளிர்ப்பெட்டியில் இருந்து தூக்கிக்கொண்டு உன் கூட்டாளி முன்னால் திறந்தாய், உள்ளே உறைந்துபோன நண்டுக்கறி. அன்றைக்கு நீ அழுத அழுகையில் மேல்மாடிப் பெண் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். ஒரு பெட்டிகூட உண்மை சொல்லாத வீட்டில் இத்தனை காலம் சாப்பிட்டவன், இன்னொரு வீட்டில் போய் பெட்டிக்கு மேலே எழுதியிருந்ததை வேதமாக நம்பினேன். அம்மாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைப் போத்தல் நினைவில் வந்து நின்றது. கிழட்டுப் பேணிக்குள் பூ இருந்தால், புதுப் போத்தலுக்குள் என்ன இருக்கும்?

உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்தேன். என் சமையலறைப் பிரெஞ்சுக்கு அவ பழகிவிட்டா, நிறுத்தி நிறுத்திச் சொல்லுவா. வெள்ளைப் போத்தலா, அதற்கு வாய் ஒடுக்கம், மருந்து சிந்தாமல் அளவுக் கரண்டியில் விழும், அதனால் மிஷேல் மற்றப் பேணிகளில் மிஞ்சியதையெல்லாம் அதற்குள்ளேதான் கொட்டி வைப்பார் என்றா. ஒரு சாமான் வெறுமையாக இருக்க அந்த மனுசனுக்குப் பொறுக்காது, வெறும் பேணியைக் கண்டால் எதையாவது போடுவார் என்றா. சொல்லும்போது அவவின் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு அவவே இன்னொன்று சொன்னா. கடைசி வருடங்களில் மிஷேலுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டதாம். தோட்டா அடைப்பதை விட்டுவிட்டாராம். வேறு ஊர்க் கடையில் புதுத் தோட்டா வாங்கி, பெட்டியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, தோட்டாக்களைத் தன் தோல்பையில் கொட்டிக்கொண்டு வேட்டைக்குப் போவாராம். லூசியன் சிரிக்கக்கூடாது என்பதற்காக. லூசியனுக்கு இன்றைக்கும் தெரியாது. நீயும் சொல்லாதே.

தம்பி, இதில் இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று, நான் புதுசு என்று சொன்ன போத்தல் அவர் கைவிட்ட நாளிலிருந்து அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்து கிடக்கிறது. அதற்குள் இருப்பது பல பேணியின் மிச்சம். வேகமாக எரிகிற மருந்தும் மெதுவாக எரிகிற மருந்தும் கலந்தால் அளவு என்று ஒன்று இல்லை. துவக்குக் குழல் கிழிந்தால் அது உன் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் கிழியும். அதை எந்தக் கடைக்காரரும், என் மூக்கைப் போல் எந்த மூக்கும், நல்லது என்று சொல்ல முடியாது. இன்னொன்று, வீட்டுக்காரன் என்று லூசியன் சொன்னாரே, அந்த வீட்டுக்காரரே கடைத் தோட்டாவோடுதான் போனார்.

அன்றைக்கே போனில் நான் இதைச் சொல்லத் தொடங்கும்போது நீயும் லூசியனும் முந்திய நாளே தோட்டா அடைத்து முடித்திருந்தீர்கள். உன் குரலில் ஒரே சந்தோசம். அது என் கொட்டில் சந்தோசத்தின் சாதிதான். அதனால்தான் பயந்தேன்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது, நேற்று, எலோடி போன் எடுத்தாள். நீ போத்தலைத் திறந்து பார்த்தாயாம். நல்ல மருந்து நகப்பூச்சு மாதிரி மணக்கும், கெட்டது புளிச்ச காடி மாதிரி மூக்கைக் கடிக்கும் என்று துவக்குக் கடைக்காரர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அது கடித்ததாம். விளிம்பில் செங்கல் நிறத் தூளும் இருந்ததாம். நீ அதைத் தோட்டத்துக் கோடியில் கொண்டுபோய் வைத்தாயாம். நல்லது. ஆனால் அடைத்த தோட்டாக்கள் இன்னும் பச்சை ஜாக்கெட் ஜேபியில் இருக்கின்றன என்றும் சொன்னாள். அவளுடைய குரலில் அழுகை இல்லை, கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் நான் உனக்கு அனுப்புகிறேன். போத்தலில் கெட்டது தோட்டாவுக்குள் போனதும் திருந்துமோ? அவற்றையும் அதே கோடியில் வை. பிரித்துப் பார்க்காதே. குப்பையிலோ கக்கூசிலோ கொட்டாதே, எரிக்காதே, காரில் ஏற்றிக்கொண்டு திரியாதே. ஜோந்தாம் பொலிசுக்குப் போன் எடுத்தால் என்ன செய்வதென்று அவர்கள் சொல்லுவார்கள், எலோடி நம்பரைத் தேடி வைத்திருக்கிறாள். மேசை, இயந்திரம், அளவுக் கரண்டி எல்லாம் இருக்கட்டும். அவை மிஷேலுடைய கை. மருந்து அவருடைய கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைத் தோட்டாவோடு போ. பெட்டியைக் கிழிப்பதும் கிழிக்காததும் உன் விருப்பம். லூசியன் சிரித்தால் நீயும் சிரி. இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்துச் சிரி. பின்னேரம் ஒரு போன் எடு. முயல் விழுந்ததா என்று நான் கேட்க மாட்டேன், உன் குரல் கேட்டால் காணும்.

அம்மா தியோல் பூவை ஒரு கடதாசிப் பையில் போட்டுவிட்டு, கௌதாரிப் பேணியைக் கழுவித் துடைத்து, அன்றைக்கு வறுத்து அரைத்த தூளைக் கொட்டி மூடினாள். பிறகு ஒரு துண்டு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, “பெரிய எழுத்தாளர், இதிலை எழுதுங்கோ பாப்பம்” என்றாள். நான் முதலில் மூடியைத் திறந்து மணந்தேன். தும்மினேன். பிறகு ‘மிளகாய்த்தூள்’ என்று எழுதி ஒட்டினேன். ‘ழ’ இல்லாத சொல், அதனால் நன்றாக வந்தது. எங்கள் வீட்டில் உண்மை சொல்லும் முதல் பேணி அது. தட்டில் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, மணந்து, பிறகு எழுதப்போகிறேன். எதற்குள் என்ன இருந்தது என்று அடுத்த கிழமை உனக்கும் எழுதுவேன். அந்தத் தாளைத் திறக்க நீ இரண்டு கையோடும் இரு.

அப்பா